கபினி சஃபாரி: அந்தி வெளிச்சத்தில் படமெடுக்க யோசனை தேவை

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் நாகரஹொளே காட்டில், கபினிப் பக்கம் மாலை சஃபாரி போனோம். மணி ஆறு இருக்கும். திரும்பலாம் என்று டிரைவர் வண்டியை வளைக்கும்போது கருமருது மரக் கிளையில் ஒரு சிறுத்தை! நாற்பது படம் எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. "செல்போன்லயே எடுத்திருக்கலாம்" என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

என்னுடையது கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ். 300-க்கு இழுத்தால் லென்ஸின் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200-இல் ஷட்டர் 1/60 நொடிதான் கிடைத்தது. கை நடுக்கத்தோடு வண்டி எஞ்சின் அதிர்வும் சேர்ந்து எல்லாம் கலங்கல். 6400-க்கு ஏற்றினால் 1/125, ஆனால் சிறுத்தை மேல் ரவையைக் கொட்டியது போல் புள்ளி.

இப்போது 70-200 எஃப் 2.8 லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசனை. 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் வரும், சரி. ஆனால் தூரத்து விலங்குக்கு 200 மி.மீ. எட்டுமா? இல்லை, இருப்பதை வைத்தே ரா-வில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுத்து, புள்ளிகளை மென்பொருளில் குறைத்துக்கொள்வது மேலா?

ஜீப்பில் முக்காலிக்கு இடமில்லை. கேமராவைத் தாங்க பீன் பேக் (தானியம் நிரப்பிய பை) தைக்கப் போகிறேன், உள்ளே அரிசியா பயறா? ஃபிளாஷ் யோசனை மட்டும் வேண்டாம், விலங்கின் கண் கூசும்.

அடுத்த மாதம் மறுபடி போகிறோம். அதற்குள் சொன்னால் லென்ஸுக்குச் சொல்லிவைக்க வசதியாக இருக்கும்.