ஏழு முறை சிவகங்கை எம்.பி.: ப.சிதம்பரத்துக்கு விழுந்தது யார் ஓட்டு?

செக்காலைக்காரன்:
கானாடுகாத்தானில் பிறந்தவர், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகள் வழிப் பேரன், ஹார்வர்டில் படித்தவர், வக்கீல். எல்லாம் சரி. சிவகங்கையில் 1984 முதல் 2009 வரை எட்டுத் தேர்தலில் நின்று ஏழில் ஜெயித்ததைத் ‘தனிப்பட்ட செல்வாக்கு’ என்று நம்மவர்கள் பேசும்போதுதான் எனக்கு ஒப்பவில்லை. கணக்கைப் பாருங்கள். 84, 89, 91இல் காங்கிரஸுக்கு அ.தி.மு.க. துணை. 96, 98இல் அவர் போயிருந்த த.மா.கா.வுக்கு (தமிழ் மாநில காங்கிரஸுக்கு) தி.மு.க. துணை. 2004, 2009இல் காங்கிரஸுக்கு தி.மு.க. துணை. இரண்டு கழகமும் இல்லாமல் நின்றது 1999இல் மட்டும்தான். மத்திய நிதியமைச்சராக இருந்துவிட்டு வந்தவருக்கு அப்போது கிடைத்தது மூன்றாம் இடம்! மகன் கார்த்தி 2014இல் கழகத் துணை இல்லாமல் நின்று நாலாம் இடம், டெபாசிட்டும் போனது. அதே மகன் 2019இல் தி.மு.க. கூட்டணியில் மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இதில் செல்வாக்கு எங்கே வந்தது?

ரங்கூன் பேரன்:
அண்ணே, 1999இல் ஜெயித்த சுதர்சன நாச்சியப்பன் மட்டும் என்ன, அ.தி.மு.க. தோளில் ஏறித்தானே போனார்? கழகத் துணை இல்லாமல் இங்கே எவர் டெல்லி போக முடியும்? சீட் எப்படிக் கிடைத்தது என்பதை விடுங்கள். கிடைத்த சீட்டை வைத்து என்ன செய்தார் என்று கேளுங்கள். 1991இல் வர்த்தகத் துறை இணையமைச்சராக ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையையே திருப்பிப் போட்டார். 1997 பட்ஜெட்டில் தனிநபர் வரியின் உச்ச விகிதத்தை 40இலிருந்து 30 சதவீதமாகக் குறைத்தார். ‘கனவு பட்ஜெட்’ என்று நாடே பேசியது. 2006இலேயே, 2010 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. கொண்டுவரலாம் என்று நாள் குறித்தவரும் இவர்தான்.

செக்காலைக்காரன்:
2014இல் அன்புமணி தர்மபுரியிலும், பொன்.ராதாகிருஷ்ணன் கன்னியாகுமரியிலும் இரண்டு கழகமும் இல்லாமல்தான் ஜெயித்தார்கள், தம்பி. முடியாத காரியம் இல்லை.

புதுவயல் ஆலைக்காரன்:
கனவு பட்ஜெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2005 பட்ஜெட்டையும் பேசுங்கள். வங்கியிலிருந்து பெரிய தொகையாக ரொக்கம் எடுத்தால் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் வரி போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் நெல் வாங்குகிறவர்கள். மூட்டையை எடை போட்டதும் விவசாயி கையை நீட்டுவார், அவரிடம் செக்கைக் கொடுத்தால் மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிடுவார். அறுப்புக் காலத்தில் தினம் நடப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டும். தொகை சின்னதுதான், ஆனால் என் சொந்தப் பணத்தை நானே எடுக்க எதற்குக் கப்பம்? 2009இல் ஒருவழியாக நீக்கினார்கள். வியாபாரம் பண்ணுகிற சமூகத்தில் பிறந்தவர், கல்லாப்பெட்டி தெரியாதவர் மாதிரி போட்ட வரி அது.

ரங்கூன் பேரன்:
கறுப்புப் பணம் எங்கே போகிறது என்று தடம் பிடிக்கப் போட்ட வரி அண்ணே அது. உங்களைப் பிடிக்க இல்லை :)

புதுவயல் ஆலைக்காரன்:
கறுப்புப் பணக்காரர்களுக்குத்தான் 1997இலேயே தானாக முன்வந்து சொல்லுங்கள், 30 சதவீதம் கட்டுங்கள், மன்னித்துவிடுகிறோம் என்று திட்டம் போட்டுக்கொடுத்தாரே. சுமார் 10,000 கோடி வந்தது, மறுக்கவில்லை. வருஷா வருஷம் ஒழுங்காகக் கட்டியவன்தான் ஏமாளி.

மானாமதுரை மானாவாரி:
நீங்கள் எல்லாம் வரியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கடனைப் பற்றிச் சொல்கிறேன். 2008 பிப்ரவரி பட்ஜெட்டில் 60,000 கோடி விவசாயக் கடன் நிவாரணம் என்று அறிவித்தார். கொஞ்ச நாளில் வங்கிச் சுவரில் பயனாளிகள் பட்டியலை ஒட்டினார்கள். பசை காய்வதற்குள்ளேயே கூட்டம். என் அப்பா கண்ணாடி இல்லாமல் போய்விட்டார், ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடினார். பெயர் இருந்தது. ஆனால் முழுத் தள்ளுபடிப் பட்டியலில் இல்லை, பக்கத்துத் தாளில், கால்வாசித் தள்ளுபடியில். ஏன் தெரியுமா? இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் வரைதான் முழுத் தள்ளுபடி. எங்களுக்கு ஏழு ஏக்கர். ஏழும் வானம் பார்த்த புஞ்சை. தஞ்சாவூரில் வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர் சிறு விவசாயி, கருவேல முள் வெட்டி மிளகாய் போடுகிற நாங்கள் பெரிய விவசாயி! சிவகங்கைச் சீமையின் எம்.பி. போட்ட திட்டம் இது. மண்ணைப் பார்க்காமல் ஏக்கரை மட்டும் பார்த்தார். போதாததற்கு, தகுதி இல்லாதவர்களுக்கும் போயிருக்கிறது என்று 2013இல் தணிக்கைத் துறை அறிக்கையே வந்தது. இங்கே பலருக்குக் கூட்டுறவுச் சங்கக் கடன் 2006இலேயே கலைஞர் ஆட்சியில் தள்ளுபடி ஆகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருப்புத்தூர் தங்கச்சி:
அண்ணன்மார்களே, ஒரு நிமிஷம். அவர் நிதியமைச்சராக இருந்த காலத்தில்தான் இந்தப் பக்கம் வங்கிக் கிளைகள் வரிசையாகத் திறந்தன. கல்விக் கடன் மேளாவும் அப்போதுதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது நான். நாலு லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாது என்று விதி. மேனேஜர் ‘அப்பாவின் சம்பளச் சீட்டு எங்கே’ என்று நாலு தடவை அலைய விட்டார். ‘சார், மந்திரிக்கு மனு எழுதிப் போடப் போகிறேன்’ என்றதும் உட்காரச் சொன்னார். நான் மனுவே எழுதவில்லை! அந்தப் பெயருக்கு அவ்வளவு மரியாதை. கோடீஸ்வரன் வரியைக் குறைத்ததெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு அவர் எம்.பி.யாக இருந்தது உதவியது.

மானாமதுரை மானாவாரி:
நல்லது தங்கச்சி. வேலை கிடைக்காத பிள்ளைகளின் வீட்டு வாசலில் வசூல்காரர்கள் வந்து நின்றதையும் எழுதியிருக்கலாம்.

திருப்புத்தூர் தங்கச்சி:
என் வகுப்பிலேயே நடந்தது. படிப்புக்குக் கடன் கொடுத்தவரிடமே வேலைக்கும் கணக்குக் கேட்பீர்களா?

மானாமதுரை மானாவாரி:
நிதியமைச்சரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

கொப்புடையம்மன் தெரு:
ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் 2019 ஆகஸ்டில் சி.பி.ஐ. கைது பண்ணி நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்தாரே, அதை ஏன் யாரும் தொடவில்லை?

ரங்கூன் பேரன்:
தொட என்ன இருக்கிறது? குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. தீர்ப்பு வராத வழக்குக்கு நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். தொகுதிப் பேச்சுக்கு வருவோம். திருமயம் பெல் குழாய் ஆலை, இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைப் பயிற்சி மையம், இவையும் அவர் காலம்தான்.

செக்காலைக்காரன்:
காரைக்குடிக்கு வந்ததிலேயே பெரியது சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து அதை வாங்கி வந்தவர் வள்ளல் அழகப்பர். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அழகப்பர் எம்.பி.யா, மந்திரியா? நம் ஆள் நிதி, உள்துறை, மறுபடி நிதி என்று சுற்றி வந்தும், திருப்புத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு ரயில் என்கிற கோரிக்கை அப்படியே கிடக்கிறது. திருவாரூர் பாதையை அகலமாக்க 2012இல் மூடினார்கள், திறக்க 2019 ஆனது. 2014இல் சீட்டை மகனிடம் கொடுத்துவிட்டு, 2016இல் மகாராஷ்டிரத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். செட்டிநாட்டுக்காரர் மராட்டியத்துக்குப் பிரதிநிதி!

ரங்கூன் பேரன்:
ரயில் பட்ஜெட் அப்போது தனி, அண்ணே. 2022இல் தமிழ்நாட்டிலிருந்தே போனாரே, அதை விட்டுவிட்டீர்கள். செல்வாக்கு இல்லை என்கிற உங்கள் முதல் கேள்விக்கே வருகிறேன். 2009இல் அ.தி.மு.க.வின் ராஜகண்ணப்பனை ஜெயித்தது 3,354 ஓட்டில். தங்கச்சி மாதிரி கல்விக் கடன் வாங்கிய வீடுகள் இந்தத் தொகுதியில் அதைவிடக் குறைவாகவா இருக்கும்? கூட்டணி அவரைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. கோட்டைத் தாண்டவைத்தது அந்த வீடுகள்.

செக்காலைக்காரன்:
அதே 3,354ஐ நான் இப்படிப் படிக்கிறேன், தம்பி. தி.மு.க. கூட்டணி மாநிலத்தில் பெரும்பாலான தொகுதிகளை அள்ளிய தேர்தல் அது. நின்றவர் பதவியில் இருந்த உள்துறை அமைச்சர். பேர் தெரியாத வேட்பாளர்களெல்லாம் சுலபமாக ஜெயித்த வருஷத்தில் இவருக்கு மட்டும் ராத்திரி வரை இழுபறி, அதன் மேல் கண்ணப்பன் போட்ட வழக்கு. கல்விக் கடன் வீடுகள் ஓட்டுப் போட்டிருந்தால், மற்ற ஓட்டு எங்கே போனது? மானாமதுரைக்காரரைக் கேளுங்கள்.

மானாமதுரை மானாவாரி:
எங்கள் ஊரில் அந்த வருஷம் இரட்டை இலைதான். அப்பாவும் அதற்குத்தான் போட்டார்.