கேமை மூட்டை கட்டிவிட்டு பௌதிகவியல் படிக்கலாமா?

நானுஓயாக்காரன்:
டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். இரவில் கோடோ எஞ்சின் என்கிற கேம் செய்யும் மென்பொருளில் சின்னச் சின்ன கேம் செய்வேன், விற்பதற்கு இல்லை. கடைசியாகச் செய்தது, ஒரு கிரகத்தைச் சுற்றி விண்கலம் ஓட்டுகிற கேம். கலம் பாதையில் நிற்காமல் சுற்றுக்குச் சுற்று வெளியே விலகிக்கொண்டே போனது. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் படம் மாறுகிற ஒவ்வொரு தடவையும், ஈர்ப்பைக் கணக்கிடு, இருக்கிற வேகத்தில் கலத்தை நகர்த்து, அப்புறம் வேகத்தை மாற்று என்று எழுதியிருந்தேன். கடைசி இரண்டு வரியையும் இடம் மாற்றினேன், முதலில் வேகம், பிறகு நகர்வு. கலம் விலகுவது நின்றுவிட்டது. ஏன் என்று தேடப் போனதிலிருந்து கேமைத் திறக்கவே மனம் வரவில்லை. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவே இருக்கவில்லை. இனிப் பரீட்சைக்கும் இல்லாமல் வேலைக்கும் இல்லாமல், பிடித்ததற்காகக் கணிதமும் பௌதிகமும் அடியிலிருந்து படிக்கலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பண்டாரவளை பிட்:
விடாதே தம்பி. அந்தக் கேள்வியை உனக்குத் தந்ததே கேம்தானே? அதை விட்டால் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும்? சந்தோஷத்துக்குப் படிக்கிறேன் என்கிறவர்களை நிறையப் பார்த்தாச்சு. கருந்துளை வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவார்கள், ஒரு கணக்குப் போடமாட்டார்கள். கோட் எழுதுகிறவன் அப்படித் தப்ப முடியாது, பிழை என்றால் திரையே காட்டிக்கொடுக்கும். இன்னொன்றும் இருக்கு. தேயிலைத் தோட்டத்து லயத்தையும் கொழுந்து மடுவத்தையும் வைத்துத் தமிழில் கேம் செய்ய நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இருக்கிற ஒருவனும் போகிறேன் என்றால் எப்படி?

ஹட்டன் டவுன்:
டெமிஸ் ஹசாபிஸைப் பாருங்கள். 1994-ல் வந்த தீம் பார்க் கேமை பதின்ம வயதில் செய்தவர்களில் ஒருவர். அப்புறம் நரம்பியலில் முனைவர் பட்டம், புரதங்களின் வடிவத்தைக் கணிக்கிற வேலைக்கு 2024-ல் இரசாயனவியல் நோபல். போகலாம் தம்பி, தாராளமாகப் போகலாம்.

பண்டாரவளை பிட்:
அவர் கேம்பிரிட்ஜ் போனவர் அண்ணே. கேம் அவருக்குத் தொழிலாகவும் இருந்தது. இவன் இரவு கடை பூட்டிவிட்டு வந்து படிக்கப் போகிறவன். நோபல் கதையைக் காட்டி ஆளை உசுப்பேற்றாதீர்கள்.

நானுஓயாக்காரன்:
நோபலெல்லாம் வேண்டாம் அண்ணே, அந்த இரண்டு வரி புரிந்தால் போதும்.

ராகலை டீச்சர்:
அது சின்ன விஷயம் இல்லை தம்பி. கோள் சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பதை நியூட்டன் 1687-ல் எப்படி நிறுவினார் என்று பாருங்கள். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் மையத்தை நோக்கி ஒரு தட்டு. வேகம் மாறுகிறது, அந்தப் புதிய வேகத்திலேயே அடுத்த துண்டை நேர்கோட்டில் கடக்கிறது. நீங்கள் மாற்றி வைத்த வரிசையும் அதேதான்! ஒன்றையடுத்து ஒன்றாக வருகிற முக்கோணங்களின் பரப்பு சமம் என்று காட்ட, அடியும் உயரமும் சமம் என்கிற சாதாரண தரக் கேத்திரகணிதம் போதும். உங்கள் பழைய வரிசையில் நகர்த்தியது பழைய வேகத்தில். அதில் அந்தச் சமன் உடைந்துபோகிறது, சக்தியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கலம் விலகியது அதனால்தான். கலைப்பிரிவு என்று தயங்க வேண்டாம், ஒரு தாளும் அடிமட்டமும் எடுத்து உட்காருங்கள்.

பண்டாரவளை பிட்:
டீச்சர், நீங்கள் என் பக்கத்துக்குத்தான் வாதாடுகிறீர்கள். கேம் இல்லாமல் இவன் இந்த இடத்துக்கு வந்திருப்பானா?

நானுஓயாக்காரன்:
வந்திருக்கமாட்டேன், சரிதான். ஆனால் திரை காட்டிக்கொடுக்கும் என்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். என் கேமில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று எழுதினால் கொதிக்கும், 40 என்றாலும் கொதிக்கும். நுவரெலியாவில் அப்படி இல்லை. நகரம் இருப்பது ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் 1 பாகை இறங்கும் என்று வைத்தால், 94-க்குக் கிட்ட வரவேண்டும். கேத்தலில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் சொன்னதைக் கேட்காத ஒன்றோடு மோதுவதுதான் எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.

பண்டாரவளை பிட்:
இது நல்ல பதில். ஆனால் கேத்தலோடு நின்றுவிடாதே. தொகையீடு (integration) வரும்போது தனியாக உட்கார்ந்து மண்டை காயும், அப்போது கேட்க ஆள் இருக்காது. அங்கேதான் எல்லாரும் விட்டுவிட்டு ஓடுவது.

ஹட்டன் டவுன்:
நான் ஒன்று கேட்கிறேன். சிவனொளிபாதமலையின் நிழல் விடியற்காலையில் முக்கோணமாக விழும் என்று சீசனில் ஏறுகிற எல்லாரும் சொல்கிறோம். மலை கூம்பாக இருப்பதாலா?

ராகலை டீச்சர்:
இல்லை. உச்சி எந்த வடிவமாக இருந்தாலும் நிழல் அப்படித்தான் தெரியும். நிழல் பல கிலோமீட்டர் நீளம், நாம் நிற்பது அதன் தொடக்கத்தில். தூரம் போகப் போக ஒடுங்கி ஒரு புள்ளியில் முடிவது போலத் தோன்றும். முப்பரிமாண கேமில் தூரத்துப் பொருளைச் சிறிதாக்க ஆழத்தால் வகுப்பார்கள் அல்லவா, அதே கணக்கு. தம்பி, தொகையீட்டுக்கு நான் இருக்கிறேன். தேசிய கல்வி நிறுவகத்தின் இணைந்த கணித நூல்கள் தமிழில் இருக்கின்றன, பௌதிகத்துக்கு முன் அதைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பாடத்திலும் பயிற்சிக் கணக்கு செய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. பிட் சொன்னதில் அது சரி.

பண்டாரவளை பிட்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை, டீச்சர். இரண்டையும் செய்யலாம் என்பதுதான் என் கட்சி. சரி தம்பி, எழுதின கோட் வீணாகக் கூடாது. எனக்கு அனுப்பு, நான் முடிக்கிறேன்.

நானுஓயாக்காரன்:
நாளைக்கே அனுப்புகிறேன் அண்ணே. படமெல்லாம் தங்கச்சி வரைந்தது, அவள் பெயர் கட்டாயம் வரணும். ஒலி எதுவும் இல்லை, நீங்கள்தான் போடணும்.