மகனுக்கு மெக்கானிக்கல்: ஹோவர்ட் காலேஜா, டியுடியா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கிறோம். மகன் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறான். கணக்கு, பிசிக்கல் சயின்ஸ் இரண்டிலும் 70க்கு மேல் வாங்குகிறான். சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றி மாட்டுகிற பிள்ளை. போன மாதம் அப்பாவின் பழைய கொரோலாவில் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, தானே ஓட வைத்தான். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜில் நாலு வருஷ பிஎஸ்சி எஞ்சினியரிங், டியுடியில் (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மெக்கானிக்கல் டிப்ளமா, இரண்டுக்கும் சிஏஓ என்கிற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போட்டிருக்கிறோம். வீட்டு வருமானம் 3,50,000 ராண்டைக் கொஞ்சம் தாண்டுவதால் என்ஸ்ஃபாஸ் என்கிற அரசு உதவித்தொகை கிடையாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் படிக்க வைக்க வேண்டும். எதில் சேர்த்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும்?

பீனிக்ஸ் டீச்சர்:
இடம் கிடைத்தால் பிஎஸ்சிதான், தங்கச்சி. அது இருந்தால் எக்சாவில், அதாவது எஞ்சினியரிங் கவுன்சிலில், புரொஃபஷனல் எஞ்சினியராகப் பதியலாம். டிப்ளமாவுக்கு டெக்னீஷியன் பதிவுதான்.

மெரேபேங்க்காரன்:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் அக்கா கேட்பது வேலையை. நான் டியுடியில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். எங்கள் காலத்து நேஷனல் டிப்ளமாவில் எஸ்1 முதல் எஸ்4 வரை நாலு செமஸ்டர் வகுப்பு, அப்புறம் ஒரு வருஷம் கம்பெனியில் பயிற்சி. அதை முடித்தால்தான் சான்றிதழ். எஸ்4 முடித்தது 2012 கடைசியில். பயிற்சிக்கு இடம் கிடைத்தது 2014 ஏப்ரலில்.

நடுவில் பிளாஸ்டிக் ஃபைலோடு ஜேக்கப்ஸ், ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டைகளில் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினேன். ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி என் சிவியை வாங்கி மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டார். மூன்று வாரம் கழித்துப் போனேன். பெட்டி நிரம்பி, தாள்கள் தரையில் சரிந்து கிடந்தன. 'இன்றைக்கு எங்கே போனாய்?' என்று கேட்பதையே அம்மா நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

கடைசியில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டர் சேர்த்துக்கொண்டார். பம்ப், வால்வு எல்லாம் கழற்றி ஓவர்ஹால் செய்யக் கற்றது அங்கேதான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வாசலும் அடைத்துவிட்டது. இங்கே இருந்த இரண்டு எண்ணெய் ஆலைகளில் எஞ்சன் ஆலை 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பைத் தொடங்கவே இல்லை. சாப்ரெஃப் 2022இல் நின்றுபோனது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் டியுடிக்கு நேரில் போய்க் கேளுங்கள், அக்கா. போன வருஷப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் கிடைத்தது? எந்தக் கம்பெனிகள் எடுத்தன? கல்லூரி பிடித்துக் கொடுத்ததா, பிள்ளைகளே அலைந்தார்களா? ஹோவர்ட் காலேஜிலும் இதையே கேளுங்கள்.

இன்னொன்று. ஆல்டர்னேட்டரைக் கழற்றுகிற பிள்ளைக்கு அப்ரெண்டிஸ் வழியும் இருக்கிறது. டிவெட் என்கிற தொழிற்கல்லூரியில் படிப்பு, பட்டறையில் வேலை, கையில் கொஞ்சம் சம்பளம். ட்ரேட் டெஸ்ட் பாஸானால் ரெட் சீல், அதாவது தேர்ச்சி பெற்ற தொழிலாளி என்ற சான்றிதழ். ஃபிட்டர் அண்ட் டர்னர் என்றால் எந்த ஆலையிலும் மதிப்பு உண்டு.

சாட்ஸ்வொர்த் அம்மா:
தம்பி, உங்கள் பதிலை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ரெட் சீல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் அப்பா மட்டும் 'பட்டம் வேண்டும்' என்றே நிற்கிறார். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு டியுடியின் ஸ்டீவ் பிகோ வளாகத்துக்குப் போகிறோம். அங்கே யாரைப் பார்ப்பது?

மெரேபேங்க்காரன்:
முதலில் மெக்கானிக்கல் துறை அலுவலகம். பிறகு கோ-ஆப்பரேட்டிவ் எஜுகேஷன் எங்கே என்று விசாரியுங்கள், பயிற்சி இடங்களைப் பார்ப்பது அவர்கள். கேள்விகளை மகனே கேட்கட்டும், அக்கா. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.