எக்ஸ்230: கோர்பூட் போட்டபின் சரியாக 30 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது

பழையதிங்க்பேட்:

வணக்கம். திங்க்பேட் எக்ஸ்230, செகண்ட்ஹேண்டில் வாங்கியது. இன்டெல் எம்இ-யை (மேனேஜ்மென்ட் எஞ்சின், சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் குட்டிக் கணினி) நம்பி ஒரு கணினியை வைத்துக்கொள்ள மனமில்லாமல், பயாஸுக்குப் பதில் போடும் திறந்தமூல ஃபர்ம்வேரான கோர்பூட்டுக்கு மாறினேன். மெஷின் பூட் ஆகிறது, டெபியன் லினக்ஸ் வருகிறது, எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பவர் பட்டனை அழுத்தி அரை மணி நேரம் ஆனதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. ஷட்டவுன் இல்லை, பிளக்கைப் பிடுங்கியது போல. ஜர்னலை (சிஸ்டம் பதிவு) திறந்தால் கடைசி வரி பாதியில் நிற்கிறது.

சூடாகிறதோ என்று தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். 52 டிகிரியைத் தாண்டவில்லை. ரேமையும் மாற்றிப் போட்டுவிட்டேன். என்ன பார்க்கலாம்?

மின்விசிறி:

பேட்டரி? பழைய பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் காட்டிக்கொண்டே திடீரென்று போய்விடும். கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

பழையதிங்க்பேட்:

பார்த்துவிட்டேன் அண்ணே, அதே கதைதான். நேற்று இன்னொன்றும் செய்தேன்: டெபியனுக்கே போகாமல், அதற்கு முன் வரும் கிரப் மெனுவில் அப்படியே விட்டுவிட்டு மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். 30 நிமிடத்தில் திரை இருண்டது. மறுபடி, மறுபடி. மூன்று முறையும் அதே.

கிளிப்பும்கம்பியும்:

பேஸ்ட், பேட்டரி எல்லாம் விடுங்கள். சூட்டுக்கும் பேட்டரிக்கும் கடிகாரம் தெரியாது. ஃபர்ம்வேர் இருக்கும் இரண்டு சிப்பில், அந்த 8 எம்பி சிப்பின் எம்இ பகுதியை என்ன செய்தீர்கள்?

பழையதிங்க்பேட்:

முழுவதும் எஃப்எஃப் (வெற்று பைட்) போட்டு நிரப்பிவிட்டேன். எக்ஸ்200-ல் எம்இ-யை அடியோடு எடுத்துவிடலாம் என்று படித்திருந்தேன். 4 எம்பி சிப்பில் கோர்பூட் போட்டாகிவிட்டது, இதையும் காலி செய்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கிளிப்பும்கம்பியும்:

அதுதான் காரணம். எக்ஸ்200 2008-ல் வந்தது, அதன் ஜிஎம்45 சிப்செட்டில் எம்இ இல்லாமலே மெஷின் ஓடும். கோர்பூட்டைத் தொகுத்துத் தரும் லிப்ரபூட்காரர்கள் அந்த மாடலை விடாமல் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். அடுத்து நெஹேலம் பிராசஸர் தலைமுறைக்கு வந்ததும் இன்டெல்காரர்கள் கதவை அடைத்துவிட்டார்கள். இன்டெல் கையெழுத்திட்ட எம்இ ஃபர்ம்வேர் சிப்பில் கிடைக்காவிட்டால் 30 நிமிடத்தில் மெஷின் தானாக அணையும். உங்கள் எக்ஸ்230-ல் இருப்பது எம்இ 8. அதை அடியோடு எடுக்க வழியில்லை, வாயைக் கட்டத்தான் முடியும்.

அதற்குத்தான் எம்இ கிளீனர் என்ற நிரல். பெரிய எஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். கிட்டத்தட்ட 5 எம்பி இருக்கும் எம்இ-யில் மெஷினை எழுப்புவதற்கு வேண்டிய துண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடும். எக்ஸ்230-ல் 98,304 பைட் போதும். கூடவே டிஸ்கிரிப்டரில் (சிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அமைப்புப் பகுதி) ஒரு பிட்டையும் மாற்றும். எழுந்த கையோடு எம்இ தூங்கப் போய்விடும்.

முழு மூலக்கோப்பு இருக்கிறதா? அழிப்பதற்கு முன் எடுத்தது?

பழையதிங்க்பேட்:

இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். இரண்டு முறை படித்தேன், இரண்டின் ஷா சம்மும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) வேறு வேறு. அவசரத்தில் கவனிக்காமல் எழுதிவிட்டேன். சிப்பைப் படிக்கவும் எழுதவும் பயன்படுத்தியது சிஎச்341ஏ கறுப்பு போர்டு, கூட வந்த மலிவு கிளிப்.

கிளிப்பும்கம்பியும்:

அடடா. சம் பொருந்தாமல் எழுதவே கூடாது. சரி, நடந்தது நடந்துவிட்டது. இரண்டில் ஒன்றாவது பிழைத்திருக்கலாம். எம்இ கிளீனரைச் சின்ன சி ஆப்ஷனோடு ஓட்டினால் எதையும் மாற்றாமல் கையெழுத்தை மட்டும் சரிபார்க்கும். இரண்டு கோப்பிலும் ஓட்டுங்கள். எதில் செல்லும் என்று வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மிச்சம் வைக்கப்போகும் துண்டுக்குத்தான் அந்தக் கையெழுத்து.

அதே கோப்பில் 4 கேபி தள்ளி ஈதர்நெட்டுக்கான 8 கேபி பகுதி இருக்கும். அதன் முதல் ஆறு பைட்தான் உங்கள் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்து, டெபியன் காட்டும் முகவரியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு போர்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும். அதற்குப் பதில் ராஸ்பெர்ரி பை பிகோ என்ற குட்டி போர்டை வாங்கிக்கொள்ளுங்கள், சிப்பைப் படித்து எழுதும் ஃப்ளாஷ்ராம் நிரலோடு நன்றாக ஒத்துப்போகிறது.

சும்மாகேட்கிறேன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? எம்இ-யில் பின்வாசல் இருப்பதாக யாராவது நிரூபித்திருக்கிறார்களா? வைஃபை கார்டில் இருப்பதும் மூடிய ஃபர்ம்வேர்தானே?

கிளிப்பும்கம்பியும்:

வேண்டுமென்றே வைத்த பின்வாசல் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நானும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் 2017 மே மாதம் வெளிவந்த ஓட்டையைப் பாருங்கள். எம்இ மேல் ஓடும் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜியில் கடவுச்சொல்லுக்கான விடையை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே விட்டுவிட்டது. கணினி அணைந்திருந்தாலும் தூரத்திலிருந்து இயக்கவென்றே செய்த வசதி அது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாசிட்டிவ் டெக்னாலஜிஸ் ஆய்வாளர்கள் எம்இ 11-ல் அதை முடக்கும் ஒரு பிட் ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் திட்டத்துக்காக வைத்தது. அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது, காசு கொடுத்து வாங்கிய நமக்கு மெனுவில்கூட இல்லை. என் கோபம் அதுதான்.

வைஃபை பற்றி நீங்கள் சொல்வது சரி. பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடும் மூடியதுதான். ஏஎம்டி பக்கம் போனால் அங்கே எம்இ போலவே பிஎஸ்பி.

பழையதிங்க்பேட்:

வேலை முடிந்தது! முதல் கோப்பில் கையெழுத்து செல்லவில்லை, இரண்டாவதில் சென்றது. மேக் முகவரியும் பொருந்தியது. பிகோ வந்து சேர நான்கு நாள் காத்திருந்தேன். பாம்ரெஸ்ட்டைக் கழற்றி, டச்பேட் பக்கம் இருக்கும் 8 எம்பி சிப்பில் மட்டும் எழுதினேன். முதல் தடவை ஃப்ளாஷ்ராமுக்குச் சிப்பே தெரியவில்லை. புள்ளி இருக்கும் மூலையில் கிளிப்பைக் கொஞ்சம் அமுக்கிப் பிடித்ததும் தெரிந்தது.

இப்போது 3 மணி 10 நிமிடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்எஸ்பிசிஐ காட்டும் சாதனப் பட்டியலில் எம்இ வரியைக் காணோம். நன்றி அண்ணே.

மின்விசிறி:

என்னிடம் திங்க்பேட் டி430 கிடக்கிறது. அதே முறையா?

கிளிப்பும்கம்பியும்:

அதே 8 எம்பி, 4 எம்பி சிப் ஜோடிதான். படித்ததும் சம்மை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதலாம்.