புதுப்பிப்பு: ஷெர்லாக் பிழைத்தது எப்படி? பந்துதான்!

போன வாரம், 'ஷெர்லாக்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரில் நாயகன் ஷெர்லாக் லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனை மாடியிலிருந்து குதித்தும், எல்லோரும் செத்துவிட்டான் என்று நம்பும்படி எப்படிப் பிழைத்தான் என்று கேட்டிருந்தேன். கீழே நின்ற லாரி மேல் விழுந்திருப்பான் என்பது என் கணக்கு. ஒரு அண்ணன் மட்டும், "ரப்பர் பந்தைக் கவனி தம்பி" என்றார்.

நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. குதிப்பதற்கு முன் ஆய்வகத்தில் உட்கார்ந்து பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறான்.

காலையில் ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில், என் தம்பியின் அக்குளில் ரப்பர் பந்தை வைத்து இறுக்கச் சொன்னேன். மணிக்கட்டில் என் விரல். துடிப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, அப்புறம் தட்டுப்படவே இல்லை. கையைத் தளர்த்தியதும் திரும்பி வந்தது. கைக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கே நசுங்குகிறது, அவ்வளவுதான். அவன் நண்பன் டாக்டர் வாட்சன் ஓடிவந்து பிடித்ததும் மணிக்கட்டைத்தானே! துடிப்பு இல்லை என்றதும் செத்துவிட்டான் என்று நம்பிவிட்டான். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

2014 ஜனவரியில் வந்த அடுத்த பாகத்தில் ஷெர்லாக் தரும் விளக்கத்திலும் அவன் விழுந்த காற்று மெத்தையோடு இந்தப் பந்து வருகிறது. அதைக் கேட்ட தடயவியல்காரர் ஆண்டர்சனுக்கே அதில் சந்தேகம். எனக்கும் மெத்தை விஷயத்தில் கொஞ்சம் இருக்கிறது. பந்தில் இல்லை.

சரி, லாரி கணக்கை வாபஸ் வாங்குகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.