மறு: "சிக்கல் தீர்த்தல் முறை" – வேறு சொல் வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் எழுதும் ஆசிரியர் கையேட்டில், முதலில் கணக்கைக் கொடுத்து அதிலிருந்தே பாடத்தை வரவைக்கிற முறைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படிக்க மட்டும்தான் முடிந்தது, விடைத்தாள் திருத்தும் வேலை. இன்றுதான் கை ஒழிந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பி.எட். புத்தகங்களில் "சிக்கல் தீர்த்தல் முறை" என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதை எதற்கு மாற்ற வேண்டும்?

ஐயா, அந்தச் சொல்லில் தப்பில்லை. ஆனால் அது வேறொன்றின் பெயர். தனிவட்டி பாடம் நடத்துகிறோம், சூத்திரத்தைப் பலகையில் எழுதுகிறோம், எடுத்துக்காட்டாக இரண்டு கணக்கு செய்துகாட்டுகிறோம், அப்புறம் பயிற்சியில் இருக்கிற வார்த்தைக் கணக்குகளைப் போடச் சொல்கிறோம். இதையும் சிக்கல் தீர்த்தல் என்கிறோம். கணிதவியலாளர் போல்யா 1945இல் எழுதிய புத்தகத்தில் வருகிற நான்கு படிகளை (கணக்கைப் புரிந்துகொள், திட்டம் போடு, செய்துபார், திரும்பிப் பார்) பாடமாகவே நடத்தினால் அதையும் அப்படித்தான் சொல்கிறோம். கையேட்டில் நாம் பெயர் தேடுவது இந்த இரண்டுக்கும் அல்ல. சூத்திரம் எதுவும் சொல்லாமல் முதலில் கணக்கைப் பிள்ளைகள் முன்னால் போட்டுவிட்டு, அவர்கள் அதோடு மல்லுக்கட்டுவதிலிருந்தே பாடம் வெளியே வரும்படி நடத்துகிற முறைக்கு. ஷ்ரோடர், லெஸ்டர் என்ற கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இருவர் 1989இலேயே இந்த மூன்றையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு முன்னிடைச்சொல்லை மாற்றினால் போதும், மூன்றும் வேறுவேறாகிவிடும். நமக்கும் அந்த வசதி இல்லாமல் இல்லை: தீர்க்கக் கற்பித்தல், தீர்ப்பதைப் பற்றிக் கற்பித்தல், தீர்ப்பதன் வழியே கற்பித்தல். நாம்தான் மூன்றையும் ஒரே பைக்குள் திணித்து வைத்திருக்கிறோம்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பெயர் வைக்கும்முன் பொருள் கண்ணில் படட்டும். ஐந்தாம் வகுப்பு. செவ்வகத்தின் பரப்பளவு நீளம் பெருக்கல் அகலம் என்பது வரை தெரியும், கூட்டு உருவங்கள் இன்னும் நடத்தவில்லை. 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள ஒரு கூடம், அதன் வலது மேல் மூலையில் 4-க்கு 3 மீட்டர் வெட்டி எடுத்தாயிற்று, மிச்சத்துக்கு எத்தனை சதுர மீட்டர் ஓடு வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். (சும்மா நிற்பதுதான் இந்த முறையில் ஆசிரியருக்குக் கஷ்டமான வேலை, சாக்பீஸ் கையில் இருந்தால் கை தானாகப் பலகைக்குப் போகும்.) பாதிப் பேர் குறுக்கே கோடு போட்டு 12, 24 என்று கூட்டினார்கள். சிலர் நெடுக்காக வெட்டினார்கள், அதிலும் அதே 24, 12தான். ஒரு பையன் 48இலிருந்து 12ஐக் கழித்தான். கடைசி பெஞ்சில் ஒரு பெண், வழக்கமாக வாயே திறக்காதவள், மேல் துண்டை வெட்டிக் கீழ்த்துண்டின் பக்கத்தில் ஒட்டி 12-க்கு 3 என்று ஒரே செவ்வகமாக்கிவிட்டாள். எல்லாமே 36.

அப்படி ஒட்ட முடிந்ததற்குக் காரணம் 3 என்பது 6-இல் சரிபாதி. அந்த எண்ணை வேண்டுமென்றே வைத்திருந்தேன். வெட்டு 5-க்கு 2 என்று இருந்தால் அவள் வழி நடக்காது, வெட்டிக் கூட்டுவதும் கழிப்பதும் எப்போதும் நடக்கும். மறுநாள் அதைத்தான் கொடுத்தேன். எந்த வழி எங்கே உதவும் என்று அவர்களே சண்டை போட்டு முடித்தார்கள், கூட்டு உருவம் என்கிற பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. அதாவது 36 என்ற விடையில் எனக்கு ஒன்றுமில்லை, அது முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிட்டது. பாடம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. அதனால்தான் "தீர்த்தல்" என்று முடிகிற எந்தச் சொல்லும் எனக்கு உறுத்துகிறது.

ஜப்பான்காரர்கள் இந்த "அப்புறம்" பகுதிக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்: நேரியாகே. பிசைந்து பதப்படுத்துவது என்கிற பொருளில் வருகிற சொல். பிள்ளைகள் கண்டுபிடித்த வழிகளைப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வகுப்பு முழுதும் ஒப்பிட்டுப் பேசுவது. தொடக்கத்தில் ஆசிரியர் போடுகிற கேள்விக்கு ஹாட்சுமொன், கடைசியில் தொகுப்பதற்கு மாதொமே, பலகையை ஒழுங்காக எழுதும் கலைக்கு பான்ஷோ. ஒரு பாடவேளையில் ஒரே கணக்கு, சில சமயம் இரண்டு. கேள்விக்கு "தூண்டுவினா", கடைசிக்கு "தொகுப்பு" என்று போன வாரமே பேசி முடித்தாயிற்று, அதில் எனக்கு மாற்றமில்லை. நேரியாகேவுக்கு மட்டும் "வகுப்புக் கலந்துரையாடல்" வேண்டாம், அது எந்தப் பேச்சுக்கும் பொருந்தும். "அலசல்" என்று வைக்கலாமே? அவர்கள் பிசைகிறார்கள், நாம் அலசுகிறோம். துணியைப் போலவே பேச்சையும் அலசுவது நமக்குப் பழக்கம்தானே.

சரி, முறைக்கு வைக்கும் தலைச்சொல்லுக்கு வருவோம்.

> "சிக்கல்" எதிர்மறையாக இருக்கிறது. "முடிச்சு" பொருத்தம்: நூல் தானாகச் சிக்கிக்கொள்ளும், முடிச்சை ஒருவர் போட வேண்டும்.

அக்கா, இந்த இழையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வாதம் இதுதான். ஆசிரியர் யோசித்துப் போடுவது, மாணவர் அவிழ்ப்பது, எல்லாமே கச்சிதம். ஆசையாக ஆசிரியர் அறையில் போய் "முடிச்சவிழ்ப்பு" என்று சொன்னேன். ஒருவர் விடாமல் சிரித்தார்கள். "முடிச்சவிழ்க்கி" என்று திட்டு வாங்கி வளர்ந்த ஊர் சார் இது, நீங்கள் பிள்ளைகளைப் பிக்பாக்கெட் ஆக்கவா போகிறீர்கள் என்றார் தமிழாசிரியர். "முடிச்சுவழி" என்றாலும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்தான் போகிறது. மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

"புதிர்" என்றால் ஒரு தந்திரம் தெரிந்ததும் முடிந்துபோகும் சமாச்சாரம் என்ற நினைப்பு வருகிறது. "கணக்கு" இயல்பான சொல், வகுப்பில் நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் அறிவியல் ஆசிரியர் ஏற்கமாட்டார். "பிரச்சினை"யைக் கேட்டாலே தலைமையாசிரியர் எழுந்து வந்துவிடுவார். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன "பிரசினம்" இலங்கைக் கணிதப் பாடநூல்களில் நன்றாகவே புழங்குகிறது, அங்கே அதில் வம்புவழக்கு வாடை கிடையாது. இரண்டுக்கும் வேர் கேள்வியைக் குறிக்கிற அதே வடசொல்தான், இங்கே வந்து தகராறாகிவிட்டது. அங்கே "பிரசினவழி" என்று வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

ஆக, மிஞ்சுவது சிக்கல். நான் நாகப்பட்டினத்துக்காரன், எனக்குச் சிக்கல் என்றால் முதலில் அந்தப் பெயருள்ள பக்கத்து ஊரின் சிங்காரவேலர் கோயில்தான், எதிர்மறையாக ஒன்றும் தோன்றுவதில்லை. விளையாட்டை விடுங்கள். மாட்டிக்கொண்டு வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பதுதான் இந்த முறையின் உயிர், அதைச் சொல்லாத சொல் எதற்கு?

"சிக்கல்வழிக் கற்றல்", ஆசிரியர் பக்கத்திலிருந்து "சிக்கல்வழிக் கற்பித்தல்". "செயல்வழிக் கற்றல்" 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியபோது நாங்களெல்லாம் வாயில் ஏபிஎல் என்றுதான் சொன்னோம், ஆனாலும் சுற்றறிக்கை, பதிவேடு எல்லாவற்றிலும் தமிழ்ப்பெயர் நின்றது. அந்த "வழி" ஆசிரியர்களுக்குப் பழகிய வழி, புதிதாக விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் இடிக்கும். 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய முறையும் (Problem-Based Learning) தமிழில் இதே பெயருக்கு வந்து நிற்கும். அங்கே ஒரு நோயாளியின் நிலையைக் கொடுத்து, சிறு குழுவாக உட்கார்ந்து, எங்களுக்கு எது தெரியவில்லை என்று மாணவர்களே பட்டியல் போட்டு, பிரிந்துபோய்ப் படித்துவிட்டு மறுபடி கூடுவார்கள். ஒரு பாடவேளையில் முடிகிற வேலை இல்லை. அதற்குச் "சிக்கல்மையக் கற்றல்" என்று தனியாக வைத்துவிட்டால் குழப்பம் தீரும். அங்கே மையம் அந்தச் சிக்கலேதான், பாடத்திட்டமே அதைச் சுற்றித்தான். நம் வகுப்பில் அது பாடத்துக்குள் போகிற வாசல், அவ்வளவே.

கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. "சிக்கல்வழி"க்குப் பின் வல்லினம் மிகுமா, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று தமிழாசிரியர்கள் யாராவது அதற்குள் சொல்லிவிட்டால் நல்லது. "அலசல்" பற்றியும்.