ஐரோப்பிய காப்புரிமைக்கு நாட்டுக்கு ஒரு வழக்கறிஞர் வைக்க வேண்டுமா?

கேள்வி: சொட்டுநீர் வால்வு ஒன்றுக்கு பிசிடி (பல நாடுகளுக்கான பொது சர்வதேசக் காப்புரிமை) விண்ணப்பம் போட்டோம், முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதல் விண்ணப்பம் போட்ட நாள்) 26 மாதம் ஆகிவிட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நான்கிலும் பாதுகாப்பு வேண்டும். நான்கு வழக்கறிஞர்களா? செலவை நினைத்தால் தூக்கமே வரவில்லை.

பதில் 1: இப்போதைக்கு ஒருவர் போதும். மியூனிக்கில் தலைமையகம் உள்ள ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்துக்கு, அதே தேதியிலிருந்து 31 மாதத்துக்குள், விண்ணப்பத்தைக் கொண்டுபோய்விடுங்கள்; நான்கு நாடுகளுக்கும் அங்கே ஒரே பரிசீலனைதான். உறுப்பு நாடுகளுக்கு வெளியே இருப்பவர்கள் அங்கே பதிவு பெற்ற பிரதிநிதி வழியாகத்தான் விண்ணப்பத்தை நடத்த முடியும், நம் ஊர் வக்கீலால் முடியாது.

பதில் 2: காப்புரிமை கிடைத்த பிறகுதான் உண்மையான செலவு. 2023 ஜூன் முதல் ஒருங்கிணைந்த காப்புரிமை இருக்கிறது, 18 நாடுகளுக்கு ஒன்றே போதும், காப்புரிமை கிடைத்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் ஸ்பெயின் அதில் சேரவில்லை, பிரிட்டனும் இல்லை, அவை தனி. ஸ்பெயினுக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு வேறு, மூன்று மாதக் கெடு. மற்ற இரண்டும் ஜெர்மனி, பிரான்ஸ் மட்டும் என்றால் தனித்தனியாக எடுப்பதே மலிவு என்பேன், இரண்டுமே மொழிபெயர்ப்பு கேட்பதில்லை.

கேள்வி கேட்டவர்: ஸ்பெயின்தான் எங்கள் பெரிய சந்தை, அதை விட முடியாது. சரி, மொழிபெயர்ப்புக்கு இப்போதே பணம் ஒதுக்குகிறேன். மிக்க நன்றி.